பூட்டிய மண்டபமும் சிரித்த குற்றமும்

மூன்று வாரங்களாக எதுவும் எழுதக் கூடாது என்று என்னை நானே அடக்கி வைத்திருந்தேன். நடந்தது என்ன என்பது என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இங்கே மொரிஷியஸில், எங்கள் கோவில் மண்டபத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய சனிக்கிழமை வகுப்பை ஒரு பெரியவர் கூத்து என்று சாடிப் பேசிய காணொளி பரவியது, மண்டபமும் பூட்டப்பட்டது. அந்தக் காணொளியை எனக்கு மட்டும் பதினேழு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அவர்களில் நால்வர் சிரிக்கும் பொம்மை முகத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். கோவிலின் பெயரையோ, பேசிய பெரியவரின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கோவிலில்தான் எனக்குக் காது குத்தினார்கள். அந்தப் பெரியவரை நான் இன்றும் தாத்தா என்றுதான் அழைக்கிறேன். ஆனால் "பல்கலைக்கழகத்துக்குப் போவது படிக்கவா, கூத்தடிக்கவா?" என்று அவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் கூத்து என்று அவர் எதைச் சொன்னார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை, கோவில் மண்டபத்தில், ஒன்பது பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் முப்பது பிள்ளைகளுக்குக் கணக்கும் பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரம்பப் பள்ளி முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு எழுதப் போகிற, லெசோன் என்கிற தனிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தாம் அவர்களில் பெரும்பாலோர். அன்று பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு ஜோடி தால்பூரியை, அதாவது இரண்டு பருப்பு ரொட்டிகளை, மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "என் தம்பியைக் கூப்பிடாமல் இருந்தால் ஆளுக்கு ஒன்று" என்று ஒரு பெண் குழந்தை சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பெரியவர் கதவருகே வந்து நின்றது சரியாக அந்த நேரத்தில். மூன்றில் இரண்டு பங்கு என்ற விடையைப் பிள்ளைகள் கண்டுபிடித்தபோது அவர் அங்கே இல்லை. அடுத்த சனிக்கிழமை மண்டபத்துக்குப் புதிய பூட்டு வந்திருந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பல்கலைக்கழக மாணவருக்குப் படிப்பு, நட்பு, பிறருக்கு உதவுவது ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள் அல்ல. படிப்பை முதலில் முடித்துவிட்டு, நேரம் இருந்தால் நட்பு, வயதான பிறகு உதவி என்று வரிசை போடுகிறவர்கள் இந்த மூன்றையும் இழக்கிறார்கள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

மொரிஷியஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயியில் படித்தவர்களுக்கு அந்தப் பேருந்து நிறுத்தம் நினைவிருக்கும். நம்மில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வந்து போகிறவர்கள். கடைசி வகுப்பு முடிந்ததும் கையில் பேருந்து அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவோம். தெற்கிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த எனக்கு, ஒரு வண்டியைத் தவறவிட்டால் வீடு சேர இருட்டிவிடும். 2019 ஆகஸ்டில் சேர்ந்தேன். எட்டு மாதங்கள்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவள் திரையில் ஒரு பெயராக மாறினாள். அந்த ஆண்டு நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் யாரிடமாவது போய் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது, சொல்வதற்கு அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லை. பெரியவர் விரும்புகிற மாணவியாக, படிப்பு மட்டும் உள்ளவளாக, நான் அப்போது இருந்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்புறம் வக்காஷியோ வந்தது. அதே 2020 ஜூலை 25 அன்று தென்கிழக்குக் கடற்கரையில் புவான்ட் டெஸ்னி அருகே பவளப் பாறையில் ஏறி நின்ற அந்தக் கப்பலிலிருந்து ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ 1000 டன் கடலில் கலந்தது. வேலையை அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்லப்பட்ட பிறகும் மக்கள் பக்கத்து ஊரான மாயேபூருக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நானும் போனேன். நேர்மையாகச் சொன்னால், எண்ணெயைத் தடுக்க அல்ல, வீட்டில் இருக்க முடியாமல்தான் போனேன்.

அங்கே கடற்கரைத் திடலில் நீண்ட துணிக் குழாய்களைத் தைத்து, காய்ந்த கரும்புச் சோகையைத் திணித்து, மிதப்பதற்காகக் காலிப் பிளாஸ்டிக் புட்டிகளை உள்ளே வைத்து, மிதவைத் தடுப்புகள் செய்துகொண்டிருந்தார்கள். வெட்டுக் காலம் என்பதால் சோகைக்குப் பஞ்சமில்லை. முடிதிருத்தும் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக முடிகூட வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள், தலைநகர் போர்ட் லூயியில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் பிளேன் வெர்த்தைச் சேர்ந்த சட்ட மாணவி. என் தையலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அதைப் பிரித்து மறுபடியும் தைத்தாள். சோகையைத் திணித்துக்கொண்டிருந்தவன் ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து வேளாண்மை படிக்க வந்தவன். ஈரச் சோகை எதற்கும் உதவாது, காய்ந்ததுதான் எண்ணெயைப் பிடிக்கும் என்று அவன் எங்களைத் திட்டித் திட்டிப் பிரிக்க வைத்தான். நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகத் தடுப்பைக் கட்டினால் எண்ணெய் அடியில் புகுந்து போய்விடும், சாய்வாகக் கட்டினால்தான் ஓரத்துக்கு ஒதுங்கும் என்பதை ஒரு பொறியியல் மாணவன் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். தமிழ் இலக்கியம் படிக்கிற எனக்கு இதெல்லாம் எந்தப் பாடத் திட்டத்தில் இருந்தது? ஐந்து நாட்களில் நான் கற்றதும், எனக்குக் கிடைத்த மனிதர்களும், நாங்கள் செய்த சிறு உதவியும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று பிரித்துக் காட்ட என்னால் முடியாது. பிரித்துக் காட்டச் சொல்கிறவர்கள் அந்த எண்ணெய் நாற்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அங்கே சேர்ந்த ஐந்து பேர்தான் 2022 இல் இந்தச் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினோம். நான் படிப்பை முடித்து ஆசிரியையாகிவிட்டேன். இப்போது நடத்துகிறவர்கள் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள். ஆகவே, "உனக்கு இதில் என்ன வந்தது?" என்று கேட்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வலிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். படிப்பு கெடும் என்கிறார்கள். எங்கள் ஐவரில் ஒருவன் ஒரு பாடத்தில் தோற்று மறுபடியும் எழுதினான் என்பது உண்மை. அவன் தோற்றதற்குக் காரணம் சனிக்கிழமை அல்ல, ஞாயிறு முதல் வெள்ளி வரை அவன் தூங்கியதுதான் என்று அவனே சொல்வான். மற்றபடி, சொல்லிக் கொடுப்பதைப் போலக் கற்றுக்கொள்ளும் வழி வேறு இல்லை. "தமிழில் ஏன் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு இருக்கின்றன? கிரியோல் மொழியில் நூ என்று ஒன்றுதானே?" என்று ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என்னைக் கேட்டான். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள் என்பது பேச்சில் எனக்குத் தெரியும். ஆனால் அதை அவனுக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. மோக்காவில் உள்ள நூலகத்துக்குப் போய், உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்ற பெயரில் நான் ஏற்கெனவே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருந்த அதே பகுதியை, முதன்முறையாகப் புரிந்து படித்தேன். தேர்வுக்குப் படித்தபோது கிடைக்காதது அந்தப் பையனால் கிடைத்தது. இதற்குப் பெயர் படிப்புக் கெடுவது என்றால் இன்னும் கொஞ்சம் கெடட்டும்.

படம் எடுத்துப் போடுவதற்காகச் செய்கிறார்கள் என்கிறார்கள். கொஞ்சம் உண்மைதான். சில பிள்ளைகள் அளவுக்கு அதிகமாகவே படம் போடுகிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மண்டபத்துக்கு மின்விசிறி கொடுத்தவர் பெயர் அந்த விசிறியின் மூன்று இறக்கைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மண்டபம் கோவிலுக்குச் சொந்தம், பூட்டுவதற்கு நிர்வாகத்துக்கு உரிமை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். உண்டு. முழு உரிமை உண்டு. முப்பது பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பதற்கு முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கவும் உரிமை உண்டு.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பேசிச் சிரித்தார்கள் என்பதுதான் உண்மையான குற்றச்சாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இதற்கு நான் நிதானமாகப் பதில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். நட்பு என்பது விருந்துக்கும் கடற்கரைக்கும் போவதால் மட்டும் வருவதில்லை; இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, ஒருவர் தவறை மற்றவர் திருத்தும்போது அது தானாக வருகிறது. புதிதாக ரெதுயிக்கு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் "அக்கா, நண்பர்கள் எப்படிக் கிடைப்பார்கள்?" என்பதுதான். நான் சொல்வது, வாரத்தில் ஒரு நாள் முதல் பேருந்தில் ஓடாதீர்கள் என்பது மட்டுமே. இரத்ததான முகாமில் வரிசையைச் சரிசெய்ய ஆள் தேவைப்படும், போய் நில்லுங்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தடுமாறினால், தமிழ் தடுமாறுகிற ஒருவரைத் தேடிப் பிடித்து மாற்றிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயியில் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கிறதா? சேறு நிறைந்த ஒரு வீட்டைக் கழுவப் போன எங்கள் பிள்ளைகள், என்ன வேண்டும் என்று கேட்காமல் நேராக உணவுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டம்மா, "சோறு இருக்கிறது மகளே, துடைப்பம்தான் இல்லை" என்றார். உதவி செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைத் தனியாக உட்கார்ந்து கற்க முடியாது.

நிதானம் இவ்வளவுதான். ஆணும் பெண்ணும் என்று வெளியே சொல்லப்படுகிறது. உள்ளே முணுமுணுக்கப்பட்டது வேறு. "யார் யாரோ நம் மண்டபத்துக்குள் வருகிறார்கள்" என்பதுதான் அது. யார் யாரோ என்றால், பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த ரோட்ரிக்ஸ் பையனும், நம் பிள்ளைகளின் கிழிந்த பைகளைக்கூடத் தைத்துக் கொடுத்த என் பிளேன் வெர்த்துத் தோழியும். தைப்பூசத்தன்று ஏழு கறிச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று நாம் கேட்பதில்லை. அதைப் பெருமையாக வெளிநாட்டு விருந்தினர்களிடம் சொல்லிக்கொள்ளவும் செய்கிறோம். சோற்றுக்கு நாம், பாடத்துக்கு நாங்களா? நாம், நாங்கள் பற்றிக் கேட்ட அந்த ஒன்பது வயதுப் பையன் இப்போது என்னிடம் கேட்டிருந்தால் இலக்கண நூலைத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

இன்னொன்று. அதே பெரியவர், ஒவ்வொரு கூட்டத்திலும், 1975 மே 20 அன்று தலைநகரை நோக்கி நடந்த மாணவர்களில் தாமும் ஒருவர் என்றும், கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் பாலத்தில் கண்ணீர்ப் புகையில் நின்றதாகவும் சொல்வார். நான் அதை நம்புகிறேன், மதிக்கிறேன். அந்த மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். முன்பின் தெரியாதவர்களோடு கைகோத்து நடந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்தது, 1977 முதல் இடைநிலைக் கல்விக்குக் கட்டணம் இல்லாமல் போனது. 2019 முதல் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப் படிப்பும் இலவசம். அந்த ஆண்டுதான் நான் சேர்ந்தேன் தாத்தா. என் படிப்புக்கு ஊர் பணம் கட்டியது. சனிக்கிழமையில் மூன்று மணி நேரத்தை நாங்கள் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தால் அது கூத்து. நீங்கள் பதினாறு வயதில் பாலத்தில் நின்றது வரலாறு. அன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களும், பள்ளிக்குப் போவது படிக்கவா கூத்தடிக்கவா என்று கேட்டிருப்பார்கள் அல்லவா?

சரி, இவ்வளவு எழுதியதற்கு நாளை எனக்கும் தொலைபேசி அழைப்புகள் வரும். அம்மாவுக்கு முதலில் வரும். ஆகவே செய்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன். தால்பூரிக் கணக்குக்கு விடை சொன்ன அந்தக் குழந்தையின் பாட்டி, தம் வீட்டுத் திண்ணையைத் தந்திருக்கிறார். முப்பது பேர் உட்கார இடம் போதாது என்பதால் இந்தச் சனிக்கிழமை முதல் இரண்டு பிரிவாக வகுப்பு நடக்கும். பழைய பெஞ்சு வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள். மண்டபத்துக்குள் எங்கள் கரும்பலகையும், பிள்ளைகளின் நோட்டுகள் அடங்கிய இரண்டு நீலப் பெட்டிகளும் இருக்கின்றன. பூட்டு அப்படியே இருக்கட்டும். யாராவது ஒருவர், வெள்ளிக்கிழமை பூசைக்குத் திறக்கும்போது, அந்தப் பெட்டிகளை மட்டும் வெளியே எடுத்து வைத்தால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். கணக்கு நோட்டுகள் அதில்தான் இருக்கின்றன.