வரி கற்றுத் தராத வரிப் பாடம்

ஒரு செமஸ்டர் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாகிவிட்டது. அமெரிக்கக் கல்லூரியில் ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) வருமான வரிக் கணக்கியல் என்ற பெயரில் எனக்கு நடத்தப்பட்ட பாடம், கையில் இருந்த காசையும் பிடுங்கிக்கொண்டது. படிக்க வந்த விஷயத்தையும் சொல்லித் தரவில்லை. இதை யாரிடமாவது கொட்டியே ஆக வேண்டும்.

முதலில் காசு. சேர்ந்த முதல் வாரமே ஆக்சஸ் கோட் வாங்கியாக வேண்டும். விலை இருநூறு டாலருக்கு மேல். அந்த எண்ணைத் தட்டினால்தான் வீட்டுப்பாடத் தளம் திறக்கும். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் உண்டு என்பதால் வாங்காமல் தப்பிக்கவும் முடியாது. சீனியர் மாணவரிடம் பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படிக்கும் வழக்கமெல்லாம் இங்கே செல்லாது. செமஸ்டர் முடிந்தால் கோடும் காலாவதி. வேறு யாருக்கும் விற்கவும் வழியில்லை. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவன் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நூலகத்தில் நின்றுகொண்டே புத்தகம் அடுக்கிச் சேர்த்த கூலி அப்படியே அதில் போனது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இதற்கு அவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: வரிச் சட்டம் ஆண்டுதோறும் மாறுகிறது, அதனால் ஆண்டுதோறும் புதுப் பதிப்பு. சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மாறிய சட்டம் அந்தப் புதுப் பதிப்பில் இருக்க வேண்டுமா, வேண்டாமா?

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் ஒரு மாபெரும் வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எங்கள் புத்தகம் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. அதில் தனி நபருக்கான நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்தில் கழித்துவிடும் தொகை, 15,000 டாலர். 2025-ஆம் ஆண்டுக்குச் சட்டப்படி அது 15,750. தம்பதிக்கு 30,000 என்று போட்டிருக்கிறது, சட்டத்தில் 31,500. மாநில, உள்ளாட்சி வரிகளைக் கழிப்பதற்கு 2017 சட்டம் விதித்த 10,000 டாலர் உச்சவரம்பு 40,000 ஆக உயர்ந்தது. டிப்ஸ் வருமானத்துக்கும் ஓவர்டைம் சம்பளத்துக்கும் புதிய கழிவுகள் வந்தன. இவ்வளவும் ஊருக்கே தெரிந்த பிறகுதான், ஆகஸ்ட் கடைசியில், எங்களுக்கு வகுப்பு தொடங்கியது. பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? "தேர்வில் புத்தகத்தில் உள்ள எண்ணையே போடுங்கள்." நான் 15,750 என்று எழுதிய கணக்குக்குத் தளம் சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி போட்டது. சட்டத்தைச் சரியாகப் படித்தவனுக்குப் பூஜ்யம், காலாவதியான எண்ணைப் போட்டவனுக்கு முழு மதிப்பெண். நாடாளுமன்றம் கோடையில் சட்டம் போட்டதற்குப் பேராசிரியர் பொறுப்பல்ல, எனக்கும் தெரியும். ஒரு பக்கத் திருத்தத்தை அச்சிட்டுக் கையில் கொடுக்க என்ன தடை?

எண்களை விடுங்கள், அவை அடுத்த ஆண்டும் மாறும். என்னை உண்மையில் கொதிக்க வைப்பது, காரணம் சொல்லாமல் பாடம் நடத்துவது. தேய்மானத்தையே, அதாவது ஒரு பொருளின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாகக் கழிப்பதையே, எடுத்துக்கொள்வோம். மேக்கர்ஸ் எனும் அமெரிக்க வரித் தேய்மான முறையில் கணினிக்கு ஐந்து ஆண்டு ஆயுள். அட்டவணையில் உள்ள சதவீதங்கள் 20, 32, 19.2, 11.52, 11.52, 5.76. எண்ணிப் பாருங்கள், ஆறு ஆண்டுகள் வருகின்றன. ஐந்து ஆண்டுப் பொருளுக்கு ஏன் ஆறு ஆண்டு? முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டு ஏன் அதிகம்? வகுப்பில் கேட்டேன். "அட்டவணையைப் பாருங்கள்" என்பதுதான் பதில்.

அன்றிரவு ஒரு தாளில் நானே போட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒரு பங்கு 20 சதவீதம். சட்டம் அதை இரட்டிப்பாக்கி 40 ஆக்குகிறது. பொருளை எந்தத் தேதியில் வாங்கினாலும் பொதுவாக ஆண்டின் நடுவில் வாங்கியதாகவே வைத்துக்கொள்வதால் முதல் ஆண்டுக்குப் பாதிதான், அதாவது 20. மீதி 80-இல் 40 சதவீதம் என்றால் 32. மீதி 48-இல் 40 சதவீதம் 19.2. இப்போது 28.8 மிச்சம், இன்னும் இரண்டரை ஆண்டு பாக்கி. இதற்கு மேல் சமமாகப் பங்கிடுவதே லாபம் என்பதால் ஆண்டுக்கு 11.52, கடைசி அரை ஆண்டுக்கு 5.76. அவ்வளவுதான்! ஒரு கரும்பலகையில் ஐந்து நிமிட வேலை. இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் வகுப்பில் ஒருவர்கூட அந்த அட்டவணையை மனப்பாடம் செய்திருக்க மாட்டார்கள். முழு விலையையும் முதல் ஆண்டிலேயே கழிக்க விடும் நூறு சதவீத போனஸ் தேய்மானம் நடைமுறையில் இருக்கும்போது, கேள்வியிலேயே "போனஸைக் கணக்கில் எடுக்க வேண்டாம்" என்று எழுதிவைத்துவிட்டு அந்த அட்டவணையை உருப்போடச் சொல்கிறார்கள்.

அந்தத் தளம் வேறு. ஒரு கணக்குக்குப் பத்துப் பெட்டிகள். முதல் பெட்டியில் ஒரு இலக்கம் பிசகினால், அதற்குப் பின் செய்த அத்தனையும் தவறு. முறை சரியாக இருந்தாலும் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. பூஜ்யம் போட வேண்டிய பெட்டியைக் காலியாக விட்டாலும் தவறுதான். மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்று பார்க்க அங்கே ஓர் ஆசிரியரின் கண் இல்லை. திருத்துவதையும் இயந்திரத்திடம் ஒப்படைத்த பிறகு கல்லூரிக் கட்டணம் எதற்கு?

இந்தப் பாடம் வறட்சியானது என்று சொல்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். செசாரினி வழக்கைப் பாருங்கள். ஒரு தம்பதி 1957-இல் ஏலத்தில் 15 டாலருக்குப் பழைய பியானோ ஒன்றை வாங்குகிறார்கள். 1964-இல் அதைத் துடைக்கும்போது உள்ளே 4,467 டாலர் பழைய நோட்டுகள். அது வருமானமா? ஆமென்றால் எந்த ஆண்டு வருமானம், வாங்கிய ஆண்டினுடையதா, கண்டெடுத்த ஆண்டினுடையதா? கண்டெடுத்த ஆண்டின் வருமானம், வரி உண்டு என்று 1969-இல் ஓஹியோ கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது வருமானம் என்ற கேள்வியின் உயிரே இந்த ஒரு வழக்கில் இருக்கிறது. ஒரு வகுப்பு முழுக்க வாதாடலாம். எங்களுக்கு இரண்டே வாக்கியத்தில் ஒரு குறிப்பு. "தேர்வுக்கு வராது" என்று தாண்டிப் போனார்கள். பங்கு போன்ற சொத்துகளை விற்றதில் வந்த மூலதன நட்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்க 1978-இல் வைத்த 3,000 டாலர் வரம்பு இன்றுவரை ஒரு டாலர்கூட உயரவில்லை, நிலையான கழிவோ விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் உயர்கிறது. ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்கவும் நேரமில்லையாம்.

இவை எல்லாவற்றையும்விட மனதை அறுப்பது வேறு. எங்கள் வகுப்பில் கணிசமானவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு நாங்கள் பொதுவாக வரிச் சட்டத்தின் பார்வையில் இங்கே வசிக்காதவர்கள். எங்களுக்கு இங்கே வசிப்பவர்கள் வரிக் கணக்குக் காட்டும் 1040 படிவம் கிடையாது, வசிக்காதவர்களுக்கான 1040-என்.ஆர். தான். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவம் அனுப்ப வேண்டும். இந்த இரண்டு எண்களும் செமஸ்டர் முழுக்க ஒருமுறைகூட யார் வாயிலும் வரவில்லை.

நானும் என் நேபாள நண்பனும் ஒரே நூலகத்தில் ஒரே வேலை செய்கிறோம். ஆளுக்கு ஆண்டுக்கு 9,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வசிக்காதவர்களுக்கு நிலையான கழிவு கிடையாது என்பது பொது விதி. ஆனால் இந்தியாவும் அமெரிக்காவும் 1989-இல் கையெழுத்திட்ட வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, இந்திய மாணவர்களுக்கு மட்டும் அந்தக் கழிவைத் தருகிறது. அதனால் எனக்கு ஃபெடரல் வரி பூஜ்யம். நேபாளத்துடன் அப்படி ஒப்பந்தமே இல்லை. அவன் ஏறக்குறைய 900 டாலர் கட்ட வேண்டும். ஒரே வேலை, ஒரே கூலி, பக்கத்துப் பக்கத்து நாற்காலி! வரி ஒப்பந்தம் என்றால் என்ன என்று புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? அதைப் பற்றிக் கேட்டபோது, "அது இந்தப் பாடத்தின் எல்லைக்குள் வராது" என்று முடித்துவிட்டார்கள். இந்தப் பாடத்தில் நல்ல கிரேடு வாங்கிய என் அறைத்தோழர், பழக்கமான மென்பொருளில் 1040-ஐ நிரப்பி, தனக்கு உரிமையில்லாத கல்விச் சலுகையையும் கோரிவிட்டார். பிறகு 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி, வந்த பணத்தைத் திருப்பிக் கட்டினார். விசா என்னாகுமோ என்ற பயத்தில் அவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வருமான வரிப் பாடத்தில் தேறிய மாணவனுக்குத் தன் ரிட்டர்னை, அதாவது வரிக் கணக்குப் படிவத்தை, தானே போடத் தெரியாது என்றால் அந்தக் கிரேடை எந்தக் குப்பையில் போடுவது?

துறைத் தலைவருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன், பெயர் போட்டே. அட்டவணைகளைத் தேர்வு அறையிலேயே கொடுங்கள். கோடுக்கு மாணவர்களிடம் காசு வாங்குவதை நிறுத்துங்கள். சட்டமும் படிவங்களும் ஐ.ஆர்.எஸ். எனும் வரித் துறையின் வெளியீடுகளும் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, அவற்றை வைத்து நடத்துங்கள். வெளிநாட்டு மாணவர்கள் இருக்கும் வகுப்பில் 1040-என்.ஆருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ரிட்டர்ன் அனுப்ப வழக்கமான கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு முன் ஒவ்வொரு மாணவனும் ஒரு முழு ரிட்டர்னைத் தன் கையால் நிரப்பி, அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் சொல்லட்டும். மதிப்பெண்ணை அதற்குப் போடுங்கள்.