அபாஷிரிக்கு வருவது துருவப் பனிப்பாறை அல்ல

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், அபாஷிரி நகரின் கடற்பனி அருங்காட்சியகத்தில் இருப்பவை "வட துருவத்தில் உடைந்து மிதந்து வந்த பனிப்பாறைகள்" என்று ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

பனிப்பாறை நிலத்தில் பிறப்பது. பெய்த பனி காலங்காலமாக இறுகி, பனியாறாக நகர்ந்து, கடலோரத்தில் உடைந்து விழுகிறது. அது முழுக்க நன்னீர். அபாஷிரிக்கு வருவதோ கடல்நீரே உறைந்த பனி. சைபீரியக் குளிர்காற்றில் ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள ஓகோட்ஸ்க் கடலின் வடபகுதியிலும் ரஷ்யாவின் சகலின் தீவின் கிழக்குக் கரையோரத்திலும் உருவாகி, காற்றும் நீரோட்டமும் தள்ளத் தெற்கே வருகிறது. பெரும்பாலும் ஜனவரி இறுதியில் கரையிலிருந்தே கண்ணில் படும். துருவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடல் எப்படி இவ்வளவு எளிதில் உறைகிறது? என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: ரஷ்ய-சீன எல்லையில் ஓடிவரும் அமூர் ஆறு கொட்டும் நன்னீர், இந்தக் கடலின் மேலடுக்கை உப்புக் குறைந்ததாக, இலேசானதாக ஆக்கிவிடுகிறது. குளிர்ந்த நீர் ஆழத்துக்கு இறங்காமல் மேலேயே தங்கி, சுமார் −1.8 டிகிரியில் உறைகிறது. அப்போது உப்பின் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிச்சம் நுண்ணிய உவர்நீர்க் குழிகளாகப் பனிக்குள் சிக்கிக்கொள்ளும்.

அருங்காட்சியகத்தின் −15 டிகிரி அறையில் அந்தக் கடற்பனியைக் கையால் தொடலாம். வாசலில் தரும் ஈரத் துண்டை உள்ளே சுழற்றினால், சற்று நேரத்தில் குச்சிபோல் விறைத்து நிற்கும்.