துருக்கி எங்கிருந்து வந்ததா?

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். உக்ரைன் போர் என்றால் புடினும் வாஷிங்டனும்தான், மற்றதெல்லாம் வேடிக்கை பார்க்கிற கூட்டம் என்றார் பேச்சாளர். நான் எழுந்து துருக்கி என்று வாயெடுத்தேன். "சார், இதுல துருக்கி எங்க சார் வந்துச்சு?" சபையே சிரித்தது. மைக்கை வாங்கிவிட்டார்கள்.

எங்கே வந்ததா? கருங்கடலுக்குள் போர்க்கப்பல் நுழைய இருக்கிற கடல்வாசல் ஒன்றுதான். 1936 மான்ட்ரோ உடன்படிக்கைப்படி அதன் சாவி துருக்கியிடம். 2022 பிப்ரவரி கடைசியில் பூட்டினார்கள். ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் முதன்மைப் போர்க்கப்பல் மாஸ்க்வா மூழ்கியது. அதே ரகக் கப்பல்கள் ரஷ்யாவின் வடக்கு, பசிபிக் கடற்படைகளில் இருந்தும், ஒன்றைக்கூட உள்ளே கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. இதே துருக்கிதான் உக்ரைனுக்கு பைரக்தார் ட்ரோன் விற்றது, ரஷ்யா மீதான தடைகளில் சேர மறுத்தது, 2022 ஜூலையில் இரண்டு பேரையும் தானிய ஒப்பந்தத்துக்கு இஸ்தான்புல்லில் உட்காரவைத்தது. சும்மா வேடிக்கை பார்க்கிற ஆள்தான், பாவம்!

வடக்கே இருக்கிற பெலாரஸ் இடம் கொடுக்காமல் ரஷ்யப் படை செர்னோபில் வழியாகக் கீவை நோக்கி இறங்கியிருக்குமா? அக்கம்பக்கத்தை விட்டுவிட்டு இந்தப் போரைப் பேசவே முடியாது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

"அப்போ ஆயுதம் கொடுக்கிற அமெரிக்கா?" கொடுக்கட்டும். அது நேராகக் கீவில் போய் இறங்குவதில்லை ஐயா. போலந்தின் ஜெஷூஃபில் இறங்கி, எல்லை தாண்டிப் போகிறது. தண்டவாளம்கூட ஒரே அளவில்லை. போலந்தில் அகலம் 1435 மில்லிமீட்டர், உக்ரைனில் 1520. அந்த 85 மில்லிமீட்டருக்காக எல்லையில் சரக்கை மாற்றி ஏற்றுகிறார்கள், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிச் சக்கரத்தை மாற்றுகிறார்கள்.

"நீங்க ரஷ்யா பக்கமா?" என்று இன்பாக்ஸில் கேட்ட புண்ணியவானுக்கு: இல்லை. படையெடுத்தது ரஷ்யா. இதற்கு மேல் பதில் கிடையாது.

"குடும்பக் கதையை ஆதாரமாகக் காட்டுகிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், காட்டுகிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்று சிரித்துக்கொள்ளுங்கள். அக்கா மகன் கார்கிவில் மருத்துவம் படித்தான். போர் தொடங்கியதும் வானத்தை மூடிவிட்டார்கள், விமானம் இல்லை. லிவிவ் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து போலந்தை ஒட்டிய ஷெஹினி எல்லைக்குக் கொஞ்சம் வண்டி, மிச்சம் நடை. இரண்டு ராத்திரி பனியில் வரிசை. அந்த இரண்டு ராத்திரியும் அக்கா என்னிடம் புடினைப் பற்றிக் கேட்கவில்லை. "போலந்துக்காரன் விடுவானாடா?" என்றுதான் கேட்டாள்.

விட்டான். அதற்காகப் போலந்தைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அதே போலந்து 2023இல் உக்ரைன் தானியத்துக்குத் தடை போட்டது. நவம்பரில் அவர்களுடைய லாரிக்காரர்கள் எல்லையையே மறித்தார்கள். ஹங்கேரி ஒரே ஆளாக, உக்ரைனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரவிருந்த 5,000 கோடி யூரோ உதவியை டிசம்பரில் தடுத்து, பிப்ரவரியில்தான் வழிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீரும் கொடுப்பான், வாய்க்காலையும் அடைப்பான். இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு இரண்டு நிமிடம் கொடுக்கக்கூடாதா? இருபது வருஷமாக அந்தக் கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறவன் நான்.

அக்கா மகன் அன்று எல்லையிலிருந்து அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. இருட்டு, கம்பி வேலி, தூரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. கீழே, "கேட் தெரியுது மாமா, சார்ஜ் 4%." சபை சிரித்தபோது அந்தப் படத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எடுப்பதற்குள் மைக் போய்விட்டது.