ஒரு பானை சோறு இல்லீங்க, அது மார்க்கெட்

"காசிமேடு மீன்ல ஃபார்மலின்"னு மறுபடியும் ஒரு வீடியோ வாட்ஸப்ல சுத்துது, காலைல இருந்து நாலு பேர் எனக்கே அனுப்பிட்டாங்க. எங்கம்மா ராயபுரத்துல 25 வருஷமா மீன் விக்கறாங்க, நான் விலங்கியல் படிச்சவன், அதனால சும்மா கடந்து போக முடியல.

ஃபார்மலின் கலக்கறவன் யாரா இருந்தாலும் உள்ள தள்ளணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. பொணம் கெடாம இருக்க ஊத்தற மருந்து அது, ஃபார்மால்டிஹைடுங்கற வாயுவைத் தண்ணில கரைச்சது. ஆனா மீன் செத்ததுக்கு அப்புறம் அதோட உடம்புலயே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். கடல் மீன் சதையில ட்ரைமெத்திலமைன் ஆக்சைடுனு ஒண்ணு இருக்கு, அது உடையும்போது வர்றது இது, தும்பிலி மாதிரி சில ரகத்துல அதிகமாவே வரும், ஃப்ரீசர்ல நாள் கணக்கா கெடந்தா இன்னும் ஏறும். அதனால "இருக்கு"னு மட்டும் சொன்னா பத்தாது, எந்த மீன்ல, எவ்ளோனு சொல்லணும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க, சரிதான், ஏன்னா அது ஒரே அரிசி, ஒரே தண்ணி, ஒரே அடுப்பு. மார்க்கெட் அப்டியா? ஒவ்வொரு கூடையும் ஒரு பானை. ஒரே கூடையில பத்து மீன் எடுத்து டெஸ்ட் பண்ணா பத்து மீன் பாத்த கணக்கு இல்ல, ஒரு கூடை பாத்த கணக்குதான். இது எங்களுக்கு சாதகமா பேசறதுனு நினைக்காதீங்க, எதிர்ப்பக்கமும் இதேதான். அஞ்சு கூடைக்கு ஒரு கூடை கெட்டதுனே வெச்சுக்கோங்க, அப்பவும் பத்து கூடை பாத்து பத்துமே சுத்தம்னு வர்றதுக்கு கிட்டத்தட்ட 11 சதவீதம் வாய்ப்பு இருக்கு. 30 கூடை பாத்து ஒண்ணுலயும் இல்லனாலும், கெட்ட கூடை 10 சதவீதத்துக்கு மேல இருக்காதுனு ஓரளவு நம்பலாம், அவ்ளோதான். 1 சதவீதம்னு சொல்லணும்னா 300 கூடை பாக்கணும்.

எந்த மாசம்னும் கேக்கணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்ப வெளியூர்ல இருந்து லாரியில வர்ற மீன்தான் ஜாஸ்தி. ரெண்டு மூணு நாள் ரோட்டுல வர்ற மீனையும் விடிகாலை ஏலத்துல எடுத்த சங்கராவையும் ஒண்ணா போட்டு "சென்னை மீன்"னு ஒரு நம்பர் குடுத்தா அதை வெச்சு நான் என்ன பண்றது?

ஜனங்ககிட்ட கேட்டு எடுக்கற சர்வேயும் இப்டித்தான், யாரைப் பாக்கறோம், யாரை விடறோம்னு யோசிக்காமலே நடக்குது. எங்க தெருவுல சாப்பாடு பத்தி கேக்க பகல் 11 மணிக்கு வந்தாங்க. மீன் விக்கற பொம்பளைங்க எல்லாம் கடையில, வீடு பூட்டு, பக்கத்து வீட்டுல எழுதிட்டு போய்ட்டாங்க. நடுராத்திரி எழுந்து வெறும் டீயோட ஏலத்துக்கு ஓடறவங்க அந்தக் கணக்குல இல்லவே இல்ல.

போன தடவை இப்டி நியூஸ் வந்த ஞாயித்துக்கிழமை அம்மா கூடவே உக்காந்திருந்தேன். வழக்கமா வாங்கற ஒரு அக்கா வந்து "யம்மா, மருந்து போட்டதா?"னு கேட்டாங்க. அம்மா ஒண்ணும் பேசாம கட்டைவிரலால செவுளைத் தூக்கிக் காட்டுனாங்க, ரத்தச் செவப்பு. அந்தக்கா பாத்துட்டு, "இல்லம்மா, புள்ளைங்க இருக்கு"னு நகந்துட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல, செவுளைப் பாத்து மருந்தைக் கண்டுபிடிக்க யாராலயும் முடியாது. கொச்சியில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதுக்குனே பேப்பர் ஸ்ட்ரிப் கிட் 2018லயே கொண்டுவந்துட்டாங்க, கொஞ்ச நேரத்துல நிறம் மாறி காட்டிடும். அதை ஏலம் நடக்கற எடத்துலயே தினமும் போடுங்க, லாரி மீனுக்கு தனியா, படகு மீனுக்கு தனியா, எத்தனை கூடை பாத்தோம்னு போர்டுல எழுதி வைங்க. மொத ஆளா எங்கம்மா கூடையை நீட்டுவாங்க.