விக்டோரியா பொது அரங்கம் யாருக்காக?

சென்னை விக்டோரியா பொது அரங்கத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அதன் செங்கல் சுவர்களை வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய அது வியப்புக்கு உரியதுதான். இத்தாலிய பாணிக் கோபுரத்தின் உச்சியில் திருவிதாங்கூர் மரபுக் கூரையைக் கவிழ்க்கும் துணிச்சல் எல்லோருக்கும் வந்துவிடாது. ஆயினும் என் அக்கறை அந்த மேடையைப் பற்றியது.

1883இல் ஆந்திரப் பகுதியின் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டியபோது இதற்கு விக்டோரியா அரசியின் பெயர் இல்லை. அது அவரது ஆட்சியின் 1887 பொன்விழாவை ஒட்டி வந்து ஒட்டிக்கொண்டது. செல்வர்களின் நன்கொடையில், பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தைக் கிரவுண்டுக்கு எட்டணா வீதம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, மக்கள் கூடிப் பேசவும் கலைகளைக் காணவும் எழுப்பப்பட்ட மண்டபம் இது. 1897இல் விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபா பல ஆண்டுகள் இங்கேதான் நாடகம் போட்டது. கூத்தாடி என்று நடிகர்களை ஏளனமாகப் பேசிய காலத்தில், வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அரிதாரம் பூசி இந்த மேடையேறினார்கள் என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. நாடகத்துக்குச் சமூக மதிப்பு தேடித்தந்த இடங்களில் இது முதன்மையானது.

பிறகு நெடுங்காலம் அரங்கம் பாழடைந்து கிடந்தது. மாநகராட்சி 2023இல் சீரமைப்பைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. பழைய படங்களைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதிலும் தவறில்லை. ஆனால் அருங்காட்சியகமும் அரசு விழாக்களும் மட்டுமே அங்கு நடக்குமானால், அது பொது அரங்கம் என்ற பெயருக்குப் பொருந்தாது. சென்ட்ரல் நிலையமும் மெட்ரோவும் பக்கத்திலேயே இருக்க, மூன்றாவது காட்சியிலேயே கடைசி ரயிலை எண்ணிக் கடிகாரம் பார்க்கும் புறநகர் ரசிகருக்கு இதைவிட வாகான அரங்கம் எது? நல்ல மேடை கிடைத்தாலும் வாடகை கட்ட வழியில்லாமல் தவிக்கும் சிறு நாடகக் குழுக்களுக்கும் இலக்கிய அமைப்புகளுக்கும், வாரத்தில் சில மாலைகளையாவது மாநகராட்சி குறைந்த வாடகையில் ஒதுக்க வேண்டும். முன்பதிவு விதிகளைச் சிபாரிசுக்கு இடமில்லாதபடி வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.