விளம்பரம் பிழைப்பு, இசைத்தட்டு கலையா?
அமெரிக்கக் குரல் கலைஞர் கென் நார்டைனுக்கு விளம்பரக் குரல் வெறும் பிழைப்பு, ஜாஸ் இசையோடு அவர் பேசி 1957-ல் வந்த 'வேர்ட் ஜாஸ்' இசைத்தட்டுதான் கலை என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரை பிரிப்பது ஒட்டவில்லை. அவருடைய 'கலர்ஸ்' இசைத்தட்டே ஃபுல்லர் பெயின்ட் கம்பெனிக்காகச் செய்த வானொலி விளம்பரங்களிலிருந்து வளர்ந்ததுதான். மேலே கருத்து எழுதிய ஒருவர் அவருடைய ஆழக் குரல் முழுக்க மைக் வித்தை என்கிறார். ஒருதிசை மைக்கை (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிப்பது) 5 செ.மீ. வரை நெருங்கினால் யார் குரலிலும் அடித்தொனி ஏறும், உண்மைதான். ஆனால் 'ப' சொல்லும்போது மூச்சு மைக்கில் மோதி வெடிக்கும். வாயைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் பேச வேண்டும். தலை இரண்டு விரற்கடை பின்வாங்கினாலே குரல் மெலிந்து, பதிவை வெட்டி ஒட்டும்போது ஒட்டு பல்லிளிக்கும். மைக் தராதது நார்டைனின் தாமதம்: ஃபிரெட் காட்ஸின் செல்லோ இழுத்து முடிக்கும்வரை வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவைக்கிறாரே, அது மூச்சுக் கட்டுப்பாடு. முப்பது நொடி விளம்பரத்தில் பழகாமல் அந்தக் கணக்கு எங்கிருந்து வரும்?