வொயிட் கோட் போட்ட அன்னிக்கு எத்தனை பேர்?

நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு காலேஜ்ல கூடப் படிச்ச நண்பன் ஃபோன் பண்ணினான். அவன் மச்சினியோட பொண்ணு, இங்க நியூ ஜெர்சியிலயே பிறந்து வளர்ந்த பொண்ணு, ரெண்டு வருஷம் ட்ரை பண்ணியும் அமெரிக்காவுல எம்டி (நம்ம ஊரு எம்பிபிஎஸ் மாதிரி, அங்க டாக்டர் ஆகுற முதல் பட்டம்) சீட் கிடைக்கல. இப்ப ஒரு கரீபியன் மெடிக்கல் காலேஜ்ல சீட் வந்திருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள டெபாசிட் கட்டணும். "அக்ரெடிட்டேஷன் எல்லாம் பக்காவா இருக்குடா, வெப்சைட்ல வரிசையா லோகோ போட்டிருக்கான், நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, கட்டிடுறோம்"னான். அந்த ஒரு வார்த்தை என் வாயில வரல. முக்கால் மணி நேரம் பேசினேன், பேசி முடிச்சும் தூக்கம் வரல, அதான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஆனா பிள்ளைங்களை இந்தப் பக்கம் அனுப்ப யோசிக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசாப் படிங்க.

நான் இங்க ஒரு ஆஸ்பத்திரியில இன்டர்னல் மெடிசின் பாக்குறேன், ரெசிடென்ட்ஸை, அதாவது பட்டம் முடிச்சுட்டு ஆஸ்பத்திரியில பயிற்சிக்கு வர்ற டாக்டர்களை, எடுக்குற இன்டர்வியூ கமிட்டியிலயும் சில வருஷமா இருக்கேன். கரீபியன்ல படிச்சவங்களோட வேலை பாத்திருக்கேன், அதுல சிலர் நான் பாத்த மிகச் சிறந்த டாக்டர்ஸ். ரெசிடென்சி காலத்துல எனக்கு நைட் ஷிஃப்ட் கத்துக்கொடுத்த சீனியரே அப்படி ஒரு தீவுல படிச்சவர்தான். அதனால "கரீபியன்னாலே போலி"ன்னு பேசுறவங்களோட எனக்கு சண்டை உண்டு. என் கவலையே வேற, அங்கீகாரம்ங்கிற வார்த்தையை நம்ம ஆளுங்க எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கங்கிறதுதான்.

ஒரு தீவுல மெடிக்கல் காலேஜ் எப்படிப் பிறக்குதுன்னு முதல்ல பாருங்க. 1970கள்ல அமெரிக்காவுல சீட் கிடைக்காத பசங்க மெக்சிகோவுல குவாதலஹாரா மாதிரி ஊருக்கெல்லாம் போய் ஸ்பானிஷ் கத்துக்கிட்டு மருத்துவம் படிச்சிட்டு இருந்தாங்க. இங்கிலீஷ் பேசுற ஒரு ஊர், அமெரிக்காவுக்குக் கிட்ட, அங்க ஒரு காலேஜ் வச்சா என்னன்னு யோசிச்சவர் சார்ல்ஸ் மோடிகா, அவர் டாக்டர் இல்ல, சட்டம் படிச்சவர். கிரெனடான்னு ஒரு குட்டித் தீவு, 1974லதான் சுதந்திரம் வாங்கினது. 1976ல அந்த நாட்டுப் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டு அனுமதி கொடுத்துச்சு, 1977 ஜனவரியில செயின்ட் ஜார்ஜஸ்ங்கிற அவரோட காலேஜ்ல முதல் பேட்ச் உக்காந்துடுச்சு. அதாவது அனுமதிக்கும் முதல் வகுப்புக்கும் நடுவுல ஆறு மாசம்தான். அடுத்த வருஷமே டொமினிக்கால ராஸ், மான்ட்செராட்ல ஏயுசின்னு (அமெரிக்கன் யுனிவர்சிட்டி ஆஃப் தி கரீபியன்) காலேஜுங்க வரிசையா வந்துச்சு.

எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுதுன்னா, மெடிக்கல் காலேஜ்ல உண்மையிலேயே செலவு பிடிக்கிற விஷயம் ஆஸ்பத்திரி, அதை இவங்க கட்டவே இல்ல. முதல் ரெண்டு வருஷம் அனாடமி, ஃபிசியாலஜி, பேத்தாலஜின்னு தீவுல லெக்சர் ஹால், அடுத்த ரெண்டு வருஷம் அமெரிக்காவுல இருக்குற ஆஸ்பத்திரிகள்ல இடம் பிடிச்சு, ஒரு மாணவருக்கு ஒரு வாரத்துக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து ரொட்டேஷன், அதாவது துறை துறையா நோயாளிகளைப் பாத்துக் கத்துக்குற பயிற்சி. 2007ல நியூயார்க் நகர அரசு ஆஸ்பத்திரிகளோட செயின்ட் ஜார்ஜஸ் போட்ட பத்து வருஷ ஒப்பந்தம் 10 கோடி டாலர். லெக்சர் ஹால்ல நூறு பேருக்குப் பதிலா நானூறு பேரை உக்கார வைக்கிறதுக்குப் பெருசா செலவு ஏறாது, வருஷத்துக்கு ரெண்டு மூணு அட்மிஷன் வேற. இந்தக் கணக்கைப் பாத்துதான் பெரிய முதலீட்டாளர்கள் வந்தாங்க. 2003ல டிவ்ரைங்கிற அமெரிக்கக் கம்பெனி ராஸை 31 கோடி டாலருக்கு வாங்குச்சு, 2014ல ரெண்டு பிரைவேட் ஈக்விட்டி கம்பெனிகள் செயின்ட் ஜார்ஜஸ்ல 75 கோடி டாலர் போட்டுச்சு. லாபத்துக்கு நடத்துறது சட்டவிரோதம் இல்ல, அதை நான் குத்தமாவும் சொல்லல. ஆனா சேரப் போறவங்க அதை மனசுல வச்சுக்கணும்.

இப்ப அங்கீகாரத்துக்கு வர்றேன். ஆரம்பத்துல அங்கீகாரம்னா அந்தத் தீவு அரசாங்கம் கொடுத்த சார்ட்டர், அவ்வளவுதான். ஒரு லட்சம் பேர் இருக்குற தீவுக்கு ஒரு மெடிக்கல் காலேஜ் என்னன்னு நினைச்சுப் பாருங்க, வீட்டு வாடகை, டாக்ஸி, சமையல், காவல் வேலைன்னு ஊரே அதை நம்பித்தான் ஓடும். டொமினிக்கால போர்ட்ஸ்மவுத்ங்கிற ஊர் நாப்பது வருஷம் ராஸை நம்பி வாழ்ந்துச்சு, மாடிக்கு மேல மாடி கட்டி ரூம் வாடகைக்கு விட்டாங்க. 2017 செப்டம்பர்ல மரியா புயல் அடிச்சு எல்லாத்தையும் பிய்ச்சுப் போட்டதும், மாணவர்களைக் கொஞ்ச நாள் செயின்ட் கிட்ஸ் பக்கம் ஒரு கப்பல்ல வச்சுப் பாடம் நடத்தினாங்க, அப்புறம் டென்னசியில நாக்ஸ்வில், கடைசியில 2019ல மொத்தமா பார்படாஸுக்குப் போயிட்டாங்க. போர்ட்ஸ்மவுத்ல வாடகையை நம்பி கடன் வாங்கி வீடு கட்டினவங்க நிலைமையை யோசிச்சா எனக்கு வயிறு எரியுது. அப்படி ஊரே நம்பி இருக்குற ஒரு நிறுவனத்தை அந்த ஊர் அரசாங்கமே "உன் வாத்தியார் சரியில்ல, லேப் பத்தாது"ன்னு கண்டிக்கும்னு எப்படி எதிர்பார்க்கிறது? 1980கள்ல டொமினிக்கன் குடியரசுல (இது டொமினிக்கா இல்ல, வேற நாடு) சீடெக், சிஃபாஸ்னு ரெண்டு காலேஜ்ல மருத்துவப் பட்டம் காசுக்கு வித்த விவகாரம் வெடிச்சு ரெண்டையும் மூடினாங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்காவுல பல மாநில மருத்துவ போர்டுகள் இந்தப் பக்கப் பட்டங்களைத் தோண்டித் துருவிப் பாக்க ஆரம்பிச்சுது.

இதே கரீபியன்ல வேற ஒரு வழியும் இருந்துச்சு, அதைச் சொல்லாம விட்டா அநியாயம். 1948ல ஜமைக்காவுல மோனாங்கிற இடத்துல மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் 33 மருத்துவ மாணவர்களோட ஆரம்பிச்சுது. சொந்த ஆஸ்பத்திரி கட்டி, அந்த மக்களுக்கு டாக்டர் உருவாக்குறதுக்காக வந்த காலேஜ். அதோட தரத்தை ரொம்ப காலம் பிரிட்டனோட ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்தான் பாத்துட்டு இருந்துச்சு, அவங்க விலகினதும் கரீபியன் நாடுகள் சேர்ந்து தங்களுக்கே ஒரு அமைப்பை 2004 வாக்குல ஜமைக்காவுல தொடங்கினாங்க, காம்-எச்பின்னு சொல்லுவாங்க. நேர்ல போய்ப் பாக்குறாங்க, மாணவர்களைத் தனியா உக்கார வச்சுப் பேசுறாங்க, முடிவை வெளிப்படையாப் போடுறாங்க. 2012ல உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு, டபிள்யூஎஃப்எம்இ, அங்கீகரிச்ச முதல் அமைப்பு இதுதான். நம்ம என்எம்சி (இந்தியாவோட தேசிய மருத்துவ ஆணையம்) கூட 2023ல பத்து வருஷத்துக்கு வாங்கினது அதே டபிள்யூஎஃப்எம்இ அங்கீகாரம்தான். ஏன் எல்லாரும் இதுக்கு ஓடினாங்கன்னா, 2010ல அமெரிக்காவோட இசிஎஃப்எம்ஜி (வெளிநாட்டுல படிச்ச டாக்டர்களுக்குச் சான்று கொடுக்குற அமைப்பு) ஒரு அறிவிப்பு விட்டுச்சு, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி அமெரிக்கா வரணும்னா அவங்க காலேஜ் இப்படி அங்கீகாரம் வாங்கின அமைப்புகிட்ட அக்ரெடிட்டேஷன் வாங்கியிருக்கணும்னு. 2023ன்னு சொல்லி, பின்னாடி 2024க்குத் தள்ளினாங்க, கடைசியில அதைக் கட்டாயமாக்காம, காலேஜுக்கு அப்படி அங்கீகாரம் இருக்கான்னு பட்டதாரியோட ரிப்போர்ட்ல குறிக்கிறதோட நிறுத்திட்டாங்க. நல்ல விஷயம், நான் முழுசா ஆதரிக்கிறேன்.

ஆனா கவனிங்க, அந்த வெப்சைட்ல இருக்குற ஒவ்வொரு லோகோவும் ஒவ்வொரு கேள்விக்கு பதில். சார்ட்டர்னா காலேஜ் நடத்தலாம். வேர்ல்ட் டைரக்டரியில (உலகத்துல இருக்குற மெடிக்கல் காலேஜ்களோட பட்டியல்) பேர் இருக்குன்னா அப்படி ஒரு காலேஜ் இருக்கு, அவ்வளவுதான், அது தரச் சான்றிதழே கிடையாது. டபிள்யூஎஃப்எம்இ லோகோ காலேஜுக்குக் கொடுத்ததே இல்ல, காலேஜைச் சோதிக்கிற அமைப்புக்குக் கொடுத்தது. அமெரிக்கக் கல்வித் துறையில ஒரு கமிட்டி இருக்கு, அது அந்த நாட்டோட அக்ரெடிட்டேஷன் முறை அமெரிக்க முறைக்கு ஒப்பா இருக்கான்னு மட்டும் பாக்கும், ஃபெடரல் கடனுக்காக, அதாவது அமெரிக்க மத்திய அரசு மாணவர்களுக்குக் கொடுக்குற கடனுக்காக. காம்-எச்பி மாதிரி அக்ரெடிட்டேஷன் அமைப்புதான் உள்ள போய்ப் பாக்குறது, அதுலயும் முழு அங்கீகாரம், நிபந்தனையோட, ப்ரொபேஷன்னு வித்தியாசம் இருக்கு, லோகோ என்னவோ எல்லாத்துக்கும் ஒண்ணுதான். இதுல எதுவுமே "உங்க பொண்ணு சேர்ந்தா டாக்டரா வெளிய வருவா"ன்னு சொல்லல. நம்ம வீட்டுல அக்ரெடிட்டட்னு கேட்டதும் அப்படித்தான் காதுல விழுது.

சில வருஷம் முன்னாடி நடந்தது சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துப் பொண்ணு, என்னை மாமான்னு கூப்பிடுவா. ஒரு தீவுக் காலேஜ்ல சேர்ந்தா, பேர் வேண்டாம். படிப்பு ஆரம்பிக்கும்போது வெள்ளைக் கோட்டு போட்டு விடுற வொயிட் கோட் செரிமனிக்கு அவ அம்மா ஃப்ளைட் பிடிச்சுப் போய் வந்தாங்க. நாலு செமஸ்டர் பாஸ். அஞ்சாவதுல ஒரு காம்ப் எக்ஸாம் (அதுவரைக்கும் படிச்ச எல்லாத்துக்கும் சேர்த்து வைக்கிற பரீட்சை), அதுல காலேஜ் வச்ச மார்க் எடுத்தாதான் யுஎஸ்எம்எல்இங்கிற அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையோட முதல் கட்டம், ஸ்டெப் 1, எழுதவே விடுவாங்க. முதல் தடவை நாலு மார்க்ல போச்சு, ரெண்டாவது தடவை ரெண்டு மார்க், மூணாவது தடவை ஒரே மார்க். அதோட வெளிய அனுப்பிட்டாங்க. ஒரு நாள் எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரு ஸ்பைரல் நோட்டைத் திறந்து காட்டினா, பிராக்கியல் ப்ளெக்ஸஸை, அதாவது கைக்குப் போற நரம்புப் பின்னலை, ஆறு கலர்ல, ஒரு நரம்பு விடாம, கையால வரைஞ்சு வச்சிருந்தா. எங்க ஃபர்ஸ்ட் இயர் ரெசிடென்ட்ஸ்ல பாதிப்பேருக்கு அது அவ்வளவு தெளிவாத் தெரியாது. நோட்டுக்குப் பக்கத்துலயே கடன் ஸ்டேட்மென்ட், ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல. அவ ஸ்டெப் 1 எழுதவே இல்ல, அதனால ஃபெயிலும் ஆகல. அந்தக் காலேஜ் அந்த வருஷம் பெருமையாப் போட்ட பாஸ் சதவீதத்துல இவ கணக்குலயே கிடையாது. எனக்கு அன்னிக்குதான் உறைச்சுது.

இது ஒரு காலேஜோட தப்புன்னு நான் பாக்கல, விதியே அப்படி இருக்கு. வெளிநாட்டு மெடிக்கல் காலேஜுக்கு அமெரிக்க ஃபெடரல் கடன் வேணும்னா, யுஎஸ்எம்எல்இ எழுதினவங்கள்ல 75 சதவீதம் பாஸ் ஆகணும். எழுதினவங்கள்லன்னு போட்டதுதான் பிரச்சனை. பாஸ் ஆவாங்களான்னு சந்தேகம் இருக்குறவங்களை எழுதவே விடாம நிறுத்தினா சதவீதம் தானா ஏறும். மேட்ச் ரேட்டும் அப்படித்தான், மேட்ச்னா வருஷா வருஷம் ரெசிடென்சி இடங்களை ஒதுக்குற முறை. 2024 மேட்ச்ல அமெரிக்க எம்டி காலேஜ் கடைசி வருஷ மாணவர்கள்ல 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைச்சுது, வெளிநாட்டுல படிச்ச அமெரிக்கக் குடிமக்களுக்கு 67 சதவீதம். அந்த 67ஏ பயமா இருக்குன்னா, அது மேட்ச் வரைக்கும் வந்து சேர்ந்தவங்க கணக்குன்னு நினைச்சுப் பாருங்க. நடுவுல கழண்டவங்க அதுல இல்ல. அமெரிக்கக் காலேஜ்ல சேர்றவங்கள்ல ரொம்பப் பெரும்பாலானவங்க முடிச்சுடுறாங்க, அதனால அங்க இந்த வித்தியாசம் பெருசாத் தெரியாது, தீவுல அப்படி இல்ல.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான், அக்ரெடிட்டேஷன் கொடுக்குற எல்லா அமைப்பும் இதைக் கட்டாயமாக்கணும். வொயிட் கோட் போட்ட அன்னிக்கு அந்த பேட்ச்ல எத்தனை பேர், அதுல எத்தனை பேர் ஸ்டெப் 1 எழுதினாங்க, எத்தனை பேர் அஞ்சு வருஷத்துல பட்டம் வாங்கினாங்க, எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைச்சுது. நாலு எண், பேட்ச் வாரியா, லோகோவுக்குப் பக்கத்துலயே. சரியா நடத்துற காலேஜுக்கு இதுல நஷ்டமே இல்ல, லாபம்தான்.

கடன் விஷயம் இப்ப இன்னும் இறுகிப் போச்சு. 2025 ஜூலைல வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1க்கு அப்புறம் புதுசா கடன் வாங்குறவங்களுக்கு கிராட் ப்ளஸ்ங்கிற, முழுச் செலவுக்கும் வாங்க முடிஞ்ச ஃபெடரல் கடன் கிடையாது, மருத்துவம் மாதிரி படிப்புக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம், அதுக்கு மேல கிடையாது. மிச்சத்துக்கு பிரைவேட் கடன், அதுக்கு அப்பா அம்மா கையெழுத்து. பிள்ளை நடுவுல நின்னா வீடு போகும்.

ஊர்ல இருந்து ப்ளஸ் டூ முடிச்ச கையோட பசங்களை இந்தத் தீவுகளுக்கு அனுப்புறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 2021 நவம்பர்ல என்எம்சி போட்ட விதிப்படி 54 மாசப் படிப்பு, 12 மாச இன்டர்ன்ஷிப், எல்லாமே அதே வெளிநாட்டுக் கல்லூரியில முடிக்கணும், அந்த நாட்டுக்காரங்களுக்குக் கொடுக்குற அதே லைசென்ஸ் நம்ம பிள்ளைக்கும் கிடைக்கணும். ரெண்டு வருஷம் தீவு, ரெண்டு வருஷம் வேற நாட்டு ஆஸ்பத்திரின்னு இருக்குற இந்த மாடல் அந்த விதிக்குள்ள எப்படி அடங்கும்னு ஏஜென்ட்டை எழுத்துல பதில் கொடுக்கச் சொல்லுங்க. வாய்வார்த்தை வேண்டாம். அமெரிக்காவுக்காக வடிவமைச்ச படிப்பை வச்சுக்கிட்டு இந்தியாவுல பதிவு பண்ண முடியாம பையன் வீட்டுல உக்காந்தா ஏஜென்ட் ஃபோன் எடுக்க மாட்டான்.

நண்பன்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு, அந்தப் பொண்ணை ஃபோன்ல கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல அவளையே அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் எழுத வச்சேன், மேல சொன்ன அந்த நாலு எண்ணும் கேட்டு. காலையில பதில் வந்திருக்கு, எனக்கு அனுப்பி வச்சா. ரொம்ப மரியாதையான மெயில். மேட்ச் சதவீதம் இருக்கு, பழைய மாணவர்கள் வேலை பாக்குற ஆஸ்பத்திரிப் பேர் எல்லாம் இருக்கு, கூடவே அதே லோகோக்கள். சேர்ந்தவங்க எத்தனை பேர்ங்கிறது மட்டும் இல்ல. "மாமா, திரும்பக் கேட்டா சீட்டைக் கேன்சல் பண்ணிடுவாங்களா?"ன்னு கேக்குறா. கேளும்மா, நீ கேட்டே ஆகணும்னு சொல்லியிருக்கேன். ரெண்டாவது மெயிலும் மத்தியானமே போயிடுச்சு. பதிலுக்குத்தான் உக்காந்திருக்கோம், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.